ஸ்லோனா, பேக்கார்டா?

அமெரிக்காவில் புதிதாக உதவிப் பேராசிரியர் ஆன விஞ்ஞானிகள் அதிகம் பேசும் தனியார் நல்கைகளில் (ஆய்வுக்கான நிதியுதவிகளில்) இரண்டு, ஸ்லோனும் பேக்கார்டும்.

ஸ்லோன் மூத்தது. ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோனின் அறக்கட்டளை 1955 முதல் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு 75,000 டாலர். ஆண்டுதோறும் 120 பேருக்கு மேல் கிடைக்கும். கனடாவில் வேலை பார்ப்பவர்களுக்கும் உண்டு, பொருளாதாரத் துறைக்கும் உண்டு. சென்னையில் பிறந்த கணிதவியலாளர் எஸ். ஆர். சீனிவாச வரதனும் ஒரு காலத்தில் இதைப் பெற்றவர்தான்.

பேக்கார்டு 1988-இல் வந்தது. ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் வளர்ந்ததில் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அதை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் பேக்கார்டின் எண்ணம்; அதிலிருந்து பிறந்ததுதான் அவர் அறக்கட்டளை தரும் இந்த நல்கை. ஐந்து ஆண்டுக்கு 8,75,000 டாலர், ஆனால் ஆண்டுக்குச் சுமார் 20 பேருக்கு மட்டுமே. அழைக்கப்பட்ட சுமார் 50 பல்கலைக்கழகங்கள் தலா இரண்டு பெயர்களைத்தான் அனுப்பலாம். அதனால் முதல் போட்டியே சொந்த வளாகத்துக்குள் நடக்கிறது. நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் அர்னால்டு, ஜெனிஃபர் டவுட்னா இருவரும் இளமையில் இதைப் பெற்றவர்கள்.

சரி, எது மேல்? கணிதக்காரருக்கு ஸ்லோன் போதும். பயணம், கணினி, கொஞ்சம் ஓய்வான நேரம், அவ்வளவுதானே தேவை. ஆய்வகம் நடத்துபவருக்கு அந்தப் பணம் மாணவர் ஊதியத்திலேயே கரைந்துவிடும். பலன் உறுதியில்லாத சோதனையில் துணிந்து இறங்க ஐந்து ஆண்டுப் பணம்தான் வேண்டும். அப்புறம், இரண்டையும் ஒருவரே பெறத் தடை இல்லை, பெற்றவர்களும் இருக்கிறார்கள்.