மாற்று மையமா, எடுக்கும் மையமா: உங்கள் மருத்துவமனைக்கு எந்தப் பதிவு?

ஐசியு இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது, உறுப்பு தானத்தில் இறங்கவும் விருப்பம். 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் எந்தப் பதிவுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் பல மருத்துவமனைகளுக்குக் குழப்பம். மாற்று மையம் என்றால் தானமாகக் கிடைத்த உறுப்பை நோயாளிக்குப் பொருத்தும் மருத்துவமனை; எடுக்கும் மையம் என்றால் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பை எடுக்க மட்டும் அனுமதி பெற்றது. அந்தச் சட்டத்தின் 2014 விதிகளை வைத்துப் பார்ப்போம்.

கட்டணம்
மாற்று மையம்: 10,000 ரூபாய்.
எடுக்கும் மையம்: எதுவும் இல்லை.

ஆட்கள்
மாற்று மையம்: சிறுநீரகம், கல்லீரல், இதயம் என ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, அதற்கேற்ற தகுதியுள்ள அறுவை நிபுணர்கள் வேண்டும்.
எடுக்கும் மையம்: உறுப்பை எடுக்க வெளியிலிருந்து குழு வரும். ஆனால் மூளைச்சாவை உறுதிசெய்வது உங்கள் பொறுப்பு. நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். நரம்பியல் நிபுணர் கிடைக்காவிட்டால், உறுப்பு மாற்றுக் குழுவில் இல்லாத மயக்க மருந்து நிபுணர் போன்றோரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சிறிய ஊர்களுக்கு இது பெரிய உதவி.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இரண்டுக்குமே கட்டாயம். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் பேசப்போவது அவர்தான், பெயருக்கு ஒருவரைப் போடாதீர்கள். அப்புறம், உறுப்பை எடுக்கும் செலவைத் தானம் தரும் குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது.

பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

விபத்துக் காயங்கள் அதிகம் வரும் மாவட்ட மருத்துவமனை என்றால், தயங்காமல் எடுக்கும் மையமாகப் பதியுங்கள். நிரந்தர நிபுணர் குழுவும், அறுவைக்குப் பின் நோயாளியை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வசதியும் இருந்தால் மட்டும் மாற்று மையம்.