திருமலையில பொம்பிளையளுக்கான ஹிட் கிளாஸ்: முதல் தரம் போற ஆக்களுக்கு

திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு மேல்மாடியில பின்னேரத்தில பொம்பிளையளுக்கு மட்டும் ஹிட் (HIIT) கிளாஸ் நடக்குது, அதாவது கொஞ்ச நேரம் கடுமையாச் செய்து, கொஞ்சம் நிண்டு, திரும்பச் செய்யிற உடற்பயிற்சி. நான் போய்ச் சேந்திட்டன். போவமா விடுவமா எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்கள் கனபேர் இருக்கிறியள் எண்டு தெரியும், அதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன். குறையும் எழுதப் போறதால இடத்தின்ர பேர் போடேல்ல. முடிவை முதல்லயே சொல்லிடுறன், நல்ல கிளாஸ், காசு வீண் இல்ல. அங்க மெஷின் பெருசா ஒண்டுமில்ல, ஏசி இல்ல, கண்ணாடி கூட ஒரு பக்கச் சுவரில மட்டுந்தான். எல்லாத்தையும் தூக்கி நிறுத்திறது அந்தக் கோச் பிள்ளைதான்.

நான் அதுக்கு முதல் செய்தது நடை மட்டுந்தான். டச்சு பே கரையில நடக்கிறது, லீவு நாளில கோட்டை வாசலால உள்ள போய் மான் நிக்கிற இடம் தாண்டி கோணேசர் கோயில் மட்டும் ஏறிட்டு வாறது. நாப்பது வயசு, பகல் முழுக்கக் கதிரையில இருக்கிற வேலை, அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில டொக்டர் எனக்குச் சொன்னது நடை நல்லது, ஆனா மூச்சு வாங்கிற மாதிரியும் ஏதாவது செய்யுங்க, தசைக்கும் வேலை குடுங்க எண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020ல விட்ட வழிகாட்டலும் அதைத்தான் சொல்லுது, வளந்த ஆக்களுக்குக் கிழமைக்கு 150 இல இருந்து 300 நிமிசம் நடுத்தரமான அசைவு, இல்லாட்டி 75 இல இருந்து 150 நிமிசம் கடுமையானது, அதோட கிழமையில ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. வீட்டு வேலை, ஒபிஸ், பிள்ளையள்ற டியூஷன் எல்லாத்துக்கும் இடையில 300 நிமிசம் நடக்க எனக்கு நேரம் இல்ல, அதால இதைத் தேடிப் போனன்.

கிளாஸ் 45 நிமிசம். முதல் பத்து நிமிசம் உடம்பைச் சூடாக்கிறது, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாத்தையும் மெல்ல அசைக்கிறது. பிறகு மெயின் பகுதி, 20 செக்கன் செய்யிறது 10 செக்கன் நிக்கிறது, இப்பிடி எட்டுத் தரம், மொத்தம் நாலு நிமிசம், அதுக்குப் பிறகு ஒரு நல்ல ஓய்வு, பிறகு அடுத்தது. ஸ்குவாட் (குந்தி எழும்பிறது), இருந்த இடத்தில ஓட்டம், மவுண்டன் கிளைம்பர் (கையை நிலத்தில ஊண்டி முழங்காலை மாறி மாறி நெஞ்சுக்குக் கொண்டு வாறது), பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊண்டி உடம்பை நேரா வச்சிருக்கிறது), கெட்டில்பெல் எண்ட கைபிடி வச்ச இரும்புக் குண்டைத் தூக்கி ஆட்டுறது, கடைசியில பர்பி, அதைப் பிறகு சொல்லுறன். பிறகு பாயில படுத்து இழுத்து நீட்டி மூச்சைக் கீழ கொண்டு வாறது. கேக்கச் சின்னதா இருக்கும். முதல் நாலு நிமிசத்தில மூண்டாவது தரம் வரேக்கயே என்ர துடை ரெண்டும் எரிய வெளிக்கிட்டிட்டு, பத்துச் செக்கன் ஓய்வு எண்டது மூச்சு ஒருக்கா உள்ள போய் வெளிய வாறதுக்குள்ள முடிஞ்சிடும், நேரம் சொல்லுற பீப் சத்தம் கேட்ட உடன எல்லாரும் திரும்ப இறங்கிறாங்க, நானும் இறங்கினன், பக்கத்தில நிண்ட ஒரு அன்ரி என்னை விட வயசு கூட, அவ முகத்தில வேர்வை ஓட ஓட நிதானமாச் செய்துகொண்டு நிண்டா, அவவைப் பாத்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இந்த 20க்குப் 10 எண்ட கணக்கு தபாத்தா எண்ட ஜப்பான் விஞ்ஞானியின்ர பேரில இருக்கு. ஐஸ் ஸ்கேட்டிங் ஓடுற வீரர்களுக்கு அவையின்ர கோச் குடுத்த பயிற்சியை அவர் ஆராய்ஞ்சு 1996ல வெளியிட்டவர். ஆறு கிழமையில ஒட்சிசன் எடுக்கிற திறனும் கூடிச்சு, மற்றப் பக்கம் ஒட்சிசன் இல்லாமத் தசை வேலை செய்யிற திறன் 28 வீதம் கூடிச்சு எண்டு அதில இருக்கு. இதை வச்சுத்தான் "நாலு நிமிசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சமன்" எண்டு எல்லா இடத்திலயும் விளம்பரம் போடுறாங்க. எனக்கு இதில சரியான கவலை. அந்த ஆராய்ச்சியில செய்தது ஏற்கெனவே உடம்பு பழகின, உடற்பயிற்சிக் கல்வி படிச்ச இளம் பெடியள், செய்தது நிண்ட இடத்தில மிதிக்கிற சைக்கிளில, அதுவும் இதுக்கு மேல ஏலாது எண்ட அளவுக்கு மிதிச்சு. பிள்ளை பெத்து, வருசக்கணக்கா ஓடாம இருந்த ஒரு பொம்பிளை அதே கணக்கில முதல் நாளே குதிச்சா முழங்கால்தான் போகும். 20 செக்கன் எண்ட நேரத்தை மட்டும் எடுக்கலாம், வேகத்தை அவங்கட்ட இருந்து எடுக்கக் கூடாது.

இங்கதான் அந்தக் கோச்சை நான் மெச்சுறன். முப்பது வயசுகூட இருக்காது. ஒவ்வொரு பயிற்சிக்கும் மூண்டு விதம் காட்டினா, குதிக்கிறது, குதிக்காம எட்டு வைக்கிறது, கதிரையைப் பிடிச்சுச் செய்யிறது. புதுசா வந்த ஆக்கள் எல்லாரும் ரெண்டாவதில தொடங்குங்க எண்டு தெளிவாச் சொன்னா. நான் பக்கத்தில உள்ளவையைப் பாத்துக் குதிக்க வெளிக்கிட, கிட்ட வந்து "அக்கா, நீங்க அவையோட போட்டி போட வேணாம், உங்கட மூச்சைப் பாருங்க, ரெண்டு சொல்லு சேத்துக் கதைக்க ஏலுமெண்டா அளவு சரி, ஒண்டுமே கதைக்க ஏலாட்டி குறையுங்க" எண்டா. வாட்ச் கட்டினவைக்குக் கணக்கும் சொல்லிக் குடுத்தா. 220 இல இருந்து வயசைக் கழிக்கிறது, எனக்கு 180, அதில 80 வீதம் 144, கடுமையா செய்யேக்க நாடித்துடிப்பு அதுக்கு மேல போகும், ஆனா அது ஒரு குத்துமதிப்பு மட்டுந்தான், ஆளுக்கு ஆள் கன வித்தியாசம் வரும். அட்டெனொலோல் மாதிரி பிரஷர் குளிசை போடுற ஆக்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அந்தக் குளிசை துடிப்பைக் குறைச்சு வச்சிருக்கும், அவை மூச்சையும் களைப்பையும் வச்சுத்தான் பாக்க வேணும்.

பர்பியைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும், ஏனெண்டா பாதி ஆக்கள் அதுக்குப் பயந்துதான் வராம நிக்கிறது. 1930களில அமெரிக்காவில பர்பி எண்ட ஒருத்தர் உடம்பின்ர தகுதியைச் சோதிக்கக் கண்டுபிடிச்சது அது. அவர் செய்ததில தண்டாலும் இல்ல, கடைசியில மேல எகிறிக் குதிக்கிறதும் இல்ல. குந்தி, கையை நிலத்தில வச்சு, காலைப் பின்னுக்கு விட்டு, திரும்பக் கொண்டுவந்து எழும்பிறது, அவ்வளவுதான். எங்கட கோச் எங்களுக்குத் தந்ததும் அதுதான், காலையும் ஒவ்வொண்டா எடுத்து வைக்கச் சொன்னா. ஆரும் உங்களை முதல் நாளே தண்டாலோட பர்பி செய்யச் சொன்னா ஏலாது எண்டு சொல்லுங்க, வெக்கப்பட ஒண்டுமில்ல.

இன்னொரு விசயம், இதை ஆரும் எழுதிறேல்ல. பிள்ளை பெத்த கனபேருக்குக் குதிக்கேக்க, தும்மேக்க சலம் கசியும். அதுக்காகவே கிளாஸுக்கு வராம விடுற பொம்பிளையளை எனக்குத் தெரியும். இங்க கோச் அதைத் தொடக்கத்திலயே எல்லாருக்கும் பொதுவா, சாதாரணமாச் சொன்னா, அப்பிடி இருக்கிற ஆக்கள் குதிக்க வேணாம், அடியிடுப்புத் தசையை இறுக்கி விடுற பயிற்சி வீட்டில செய்யுங்க, ஆஸ்பத்திரியில பிசியோதெரபியிலயும் காட்டுங்க எண்டு. அதைக் கேட்டு ரெண்டு பேர் ஆளை ஆள் பாத்தாங்க. நான் இந்தக் கிளாஸுக்கு மதிப்புக் குடுக்க அந்த ஒரு நிமிசமே காணும்.

ஆக்கள் எண்டு பாத்தா தமிழ், முஸ்லிம், சிங்களம் மூண்டும் கலந்து. கோச் எண்ணுறது ஒருக்காத் தமிழில, ஒருக்காச் சிங்களத்தில. ஹிஜாப்போட வாறவையும் இருக்கிறாங்க, நீட்டு டீசேர்ட்டும் தளர்வான காற்சட்டையும் போட்டு வாறவையும் இருக்கிறாங்க, இறுக்கமான ஜிம் உடுப்புத்தான் போட வேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்ல. போன் எல்லாத்தையும் வாசலில ஒரு பெட்டிக்குள்ள போட வேணும், கிளாஸுக்குள்ள படம் எடுக்க விடுறேல்ல, அவங்கட பேஸ்புக் பேஜில கூட வெறும் ஹோல் படந்தான். எங்கட ஊரில இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு இங்க இருக்கிற பொம்பிளையளுக்கு விளங்கும். வேர்த்து விறுவிறுத்து நிக்கிற படம் ஒண்டு சொந்தக்காரர்ற போனுக்குப் போகுமோ எண்ட பயம் இல்லாம நிக்கலாம்.

இப்ப குறை. முதலாவது, பெரிய குறை, சேரேக்க பேர், போன் நம்பர், காசு, இந்த மூண்டும்தான் கேட்டாங்க. வருத்தம் ஏதும் இருக்கா, என்ன குளிசை போடுறீங்க, ஒபரேஷன் ஏதும் செய்ததா எண்டு ஒரு கேள்வி இல்ல. கோச் கிளாஸில வாயால கேட்டா, அது அவவின்ர நல்ல மனசு, ஆனா அவ வராத நாளில வேற ஆள் வந்தா என்ன நடக்கும்? ஒரு பக்கத் தாள் காணும், நிரப்பி வாங்கி வைக்கலாம். கவுண்டரில இருந்த தம்பிட்டச் சொல்ல, "சரி அக்கா, ஓனரிட்டச் சொல்லுறன்" எண்டான், இன்னும் வரேல்ல. எங்கட பக்கத்தில சீனியும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு. இன்சுலின் போடுறவை, கிளிக்ளசைட் மாதிரிக் குளிசை போடுறவைக்கு இப்பிடிக் கடுமையா செய்த பிறகு சீனி டக்கெண்டு இறங்கலாம், அண்டைக்கு இரவு கூட இறங்கலாம், அவை டொக்டரிட்டக் கேக்காம வரவே கூடாது, வந்தாலும் பையில குளுக்கோஸ் இருக்க வேணும்.

ரெண்டாவது வெக்கை. ஃபேன் நாலு சுத்துது, ஆனா ஆக்கள் கூட. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில திருமலை வெயில் பின்னேரம் அஞ்சு மணிக்கும் ஆறாது, மேல்மாடிக் கொங்கிரீட் பகல் முழுக்கக் குடிச்ச சூட்டை அப்பத்தான் விடும். கடல் காத்து மாறி வாற நாளில ஈரம் கூடி வேர்வை காயாது, காயாட்டி உடம்பு குளிராது. தண்ணிப் போத்தல் கட்டாயம், ஒரு லீற்றராவது, துவாயும் கொண்டு போங்க. தலை சுத்து, வாந்தி வாற மாதிரி, வேர்த்துக்கொண்டு இருந்த உடம்பு குளிருற மாதிரி வந்தா அப்பிடியே நிப்பாட்டிப் போட்டு ஃபேனுக்குக் கீழ இருங்க. நெஞ்சு இறுக்கமோ நோவோ எண்டா பாத்துக்கொண்டு இருக்காம நேரா பெரியாஸ்பத்திரி.

பாய் துடைக்கிறதும் காணாது, ஒரு கிளாஸ் முடிஞ்சு அடுத்த கிளாஸுக்கு அதே பாய்தான், நான் சொந்தப் பாய் வாங்கிட்டன். பாட்டுச் சத்தத்தையும் குறைக்கலாம், பின்வரிசைக்குக் கோச் சொல்லுறது கேக்குதில்ல, இந்தக் கிளாஸில அவ சொல்லுறதுதான் முக்கியம். சப்பாத்து எண்டா அடி மெத்து இருக்கிறதாப் பாருங்க, கீழ வெறும் டைல்ஸ், ரப்பர் விரிப்பு நடுவில மட்டுந்தான் போட்டிருக்கு, முன்னுக்கே போய் அதில இடம் பிடியுங்க.

அடுத்த நாள் எப்பிடி இருந்தது எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. அடுத்த நாள் பரவாயில்ல, அதுக்கு மற்ற நாள்தான் உண்மையான உளைவு, படி இறங்கக் கைபிடி வேணும், குந்தி எழும்பக் கை ஊண்ட வேணும். இது 24 இல இருந்து 72 மணித்தியாலத்துக்குள்ள உச்சத்துக்கு வந்து பிறகு குறையும். லக்டிக் அசிட் தேங்கி நிக்குது எண்டு சொல்லுவாங்க, அது பிழை, அது ஒரு மணித்தியாலத்துக்குள்ளயே இறங்கிடும், பழகாத வேலையில தசை நார்களுக்கு வாற நுண்ணிய காயந்தான் நோகுது. சும்மா படுக்காம மெல்ல நடந்தா லேசாகும், நான் கரையோரம் நடந்தன். ஆனா நோவு தாங்கேலாம, கை கால் வீங்கி, சலம் கடும் தேத்தண்ணி நிறத்தில போனா அது வேற விசயம், தசை உடைஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலைமை, உடன டொக்டரிட்டப் போக வேணும். புதுசா வந்த ஆக்களை முதல் நாளே பிழிஞ்செடுக்கிற இடங்களில இது நடக்கக்கூடியது, அதால "முதல் நாளே எழும்பேலாமப் பண்ணிட்டாங்க" எண்டு ஆரும் பெருமையாச் சொன்னா அந்த இடத்துக்குப் போகாதீங்க.

மெலிவமா எண்ட கேள்விக்கு, இது மட்டும் செய்து மெலிய மாட்டம். கிளாஸ் முடிஞ்ச பிறகும் மணிக்கணக்காக் கொழுப்பு எரியும் எண்டுறதும் ஊதிப் பெருப்பிச்ச கதை, கொஞ்சம் கூட எரியும், ஒரு ரோல்ஸுக்குக் கூடக் காணாது. எனக்குக் கிடைச்சது வேற, இரவு நித்திரை நல்லா வருது, கோணேசர் கோயில் ஏத்தத்தில இடையில நிக்காம ஏற ஏலுது, ஒபிஸில பின்னேரம் வாற அந்தச் சோர்வு இல்ல.

கிழமைக்கு மூண்டு நாள் நடக்குது, தொடங்கிற ஆக்கள் ரெண்டு நாள் மட்டும் போங்க, இடையில ஒரு நாளாவது விட்டு. காசு மாசக் கணக்கிலயும் குடுக்கலாம், ஒரு நாளுக்கும் குடுக்கலாம், முதல்ல ஒரு நாளுக்குக் குடுத்துப் பாருங்க, அவசரப்பட்டு மூண்டு மாசப் பக்கேஜ் எடுக்க வேணாம். ஸ்கூட்டி விட இடம் கீழ இருக்கு, முடிஞ்சு வரேக்க இருட்டிடும், ஓட்டோ பிடிக்கிறவை ஒழுங்கை வாசல் மட்டும் சேந்து வாங்க. விடியக் காலமை கிளாஸ் ஒண்டும் வேணும் எண்டு நாங்க கொஞ்சப் பேர் கேட்டிருக்கிறம், வெயிலுக்கு முதல் முடிக்கலாம், பத்துப் பேர் சேந்தாத் தொடங்கலாமாம், விருப்பமான ஆக்கள் இதில சொல்லுங்க.