பாவ்-ரோசா மரத்தின் ஹெர்பேரியம் பதிவுகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமேசான் காட்டு லாரல் குடும்ப மரமான பாவ்-ரோசாவின் ஹெர்பேரியம் (உலர்த்திய தாவர மாதிரிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடம்) பதிவுகளைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாசனைத் திரவியங்களில் சேரும் ரோஸ்வுட் எண்ணெய் இதிலிருந்துதான் வருகிறது. ரோஸ்வுட் என்றே சொல்லப்படும் நம் ஈட்டி மரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. பதிவுகளை உலகளாவிய உயிரினப் பதிவுத் தளமான ஜிபிஐஎஃப், பிரேசிலின் அதுபோன்ற தளமான ஸ்பீசீஸ்லிங்க் இரண்டிலிருந்தும் எடுக்கிறேன். இரண்டும் இலவசம்.

வரைபடத்தில் தெரியும் புள்ளிகளை எண்ணி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். சேகரிப்பவர் ஒரே மரத்தில் பல கிளைகளை வெட்டி உலர்த்தி பிரேசிலின் மனாஸ், ரியோ, லண்டனின் கியூ என்று ஹெர்பேரியத்துக்கு ஒன்றாக அனுப்பிவைப்பார். போன இடத்திலெல்லாம் அது தனிப் பதிவாகிவிடும். சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி மூன்றையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் பட்டியல் நன்றாகவே சுருங்கும். ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால் கடைசியில் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும்.

இடக்குறிப்பு இன்னும் மோசம். பழைய லேபிள்களில் ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும்தான் இருக்கும். அதனால் சில பதிவுகளில் முனிசிபாலிட்டியின் மையப்புள்ளியையே போட்டுவிடுகிறார்கள். பிரேசிலில் முனிசிபாலிட்டி என்பது நகரம் மட்டுமல்ல, சுற்றியுள்ள காடும் சேர்ந்த நிர்வாகப் பகுதி; அல்தாமிரா என்ற ஒரு முனிசிபாலிட்டியே கிரீஸ் நாட்டைவிடப் பெரியது! அழியும் நிலையில் உள்ள மரங்களுக்கு இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்குவதும் உண்டு. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் 2010 முதல் இருக்கும் மரம் இது. அந்த மறைப்பில் எனக்குக் குறையில்லை.

அப்புறம் பெயர். தாவரவியலாளர் அடோல்ஃபோ டுக்கே 1930இல் இந்த மரத்துக்கு அனிபா ரோசியோடோரா என்று பெயர் வைத்தார். 1938இல் அனிபா டுக்கேய் என்று இன்னொரு பெயர் வந்தது. 1982இல் வந்த ஆய்வு நூல் இரண்டும் ஒன்றே என்றது. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

எனக்கு அதிகம் உதவியவை ஸ்கேன் செய்த தாள்களின் படங்கள். ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அடையாளச் சீட்டுகளைப் பார்த்தாலே யார், எப்போது, எந்தப் பெயரை மாற்றினார் என்பது புரிந்துவிடும். ஆனால் பூ சில மில்லிமீட்டர்தான். மரத்தை அடையாளம் காணப் பார்க்க வேண்டிய மகரந்தப்பை எப்படித் திறக்கிறது என்பது படத்தில் தெரியாது. பூவில்லாத மாதிரிகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜிபிஐஎஃபில் தரவிறக்கும்போது கிடைக்கும் டிஓஐ எண்ணை (அந்தத் தரவிறக்கத்துக்கான நிரந்தர அடையாள எண்) குறித்துவையுங்கள். அடுத்த வருடம் அதே தேடலைப் போட்டால் அதே பட்டியல் வராது.