ரோலண்டா, யமஹாவா? முதலில் ஹை-ஹேட்டில் காலை வையுங்கள்

மின்னணு டிரம் கிட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஒலிகளைத் தரும் மாட்யூல் என்ற பெட்டிக்குள் எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்பதைத்தான். அந்த எண்ணிக்கையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முந்நூறு ஒலிகள் இருந்தாலும் தினமும் வாசிக்கப்படுபவை இரண்டு மூன்று ஒலித் தொகுப்புகளாகவே இருக்கும். கையும் காலும் தொடும் இடத்தில் அந்தக் கருவி என்ன பதில் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குறிப்பாக, முன்னால் இருக்கும் முக்கிய டிரம்மான ஸ்னேர், காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹேட் இரண்டையும்.

நடுத்தர விலையில் நேருக்கு நேர் நிற்பவை ரோலண்ட் டிடி-17கேவிஎக்ஸ்2, யமஹா டிடிஎக்ஸ்6கே3-எக்ஸ் ஆகிய இரண்டும். இவற்றைவிட மிகக் குறைந்த விலையில் அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ் இருக்கிறது. புதிதாகக் கற்கத் தொடங்குபவர்கள் மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்துக் குழம்புவதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஸ்னேரில் தொடங்குவோம். வலைப் பின்னலால் ஆன மெஷ் தோலை ரோலண்ட் 1997இல் டிடி-10 கிட்டுடன் கொண்டுவந்தது. டிரம் தோல் தயாரிப்பில் பெயர் பெற்ற ரெமோ நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது அது. காற்று ஊடுருவிப் போவதால் அடி விழும் சத்தம் குறைவு. சாதாரண டிரம்மைப் போலவே சாவியைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். டிடி-17கேவிஎக்ஸ்2இன் ஸ்னேர் 12 அங்குல மெஷ். யமஹாவின் ஸ்னேர் 8 அங்குலம்தான். அதன் மேற்பரப்பு நுண்ணிய காற்றுக் குமிழ்கள் கலந்த சிலிக்கான்.

இந்த அளவு வேறுபாட்டை நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். உண்மையான ஸ்னேர் பெரும்பாலும் 14 அங்குலம். ஸ்டிக்கைத் தோலில் கிடத்தி மறுமுனையால் விளிம்பு வளையமான ரிம்மைத் தட்டும் கிராஸ் ஸ்டிக் அடிக்கு அந்த அகலம் தேவை. மெதுவான மெலடிப் பாடல்களுக்கு வாசிப்பவர்களுக்கு இது அன்றாடம் வேண்டிய அடி. எட்டு அங்குலப் பேடில் (அடிக்கும் பரப்பில்) கை குறுகிவிடுகிறது. அங்கே பழகிய கை, மேடையில் இருக்கும் அக்குஸ்டிக் (மின்னணு அல்லாத) ஸ்னேருக்குப் போகும்போது இடம் தேடித் தடுமாறும். தோலையும் ரிம்மையும் ஒரே நேரத்தில் அடிக்கும் ரிம்ஷாட்டின் கோணத்திலும் இதே சிக்கல்தான்.

ஆனால் சிலிக்கானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மெஷ் ஸ்டிக்கை அளவுக்கு மீறித் தூக்கிக் கொடுக்கும். இரட்டை அடி உருட்டல்கள் அதில் மிக எளிதாக வந்துவிடும். உண்மையான தோலில் உட்கார்ந்ததும் ஸ்டிக் அவ்வளவு எழுவதில்லை. சிலிக்கான் அப்படிச் செல்லம் கொடுப்பதில்லை. மணிக்கட்டு தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும். கையைத் திடப்படுத்த நினைப்பவருக்கு அது நன்மை. மெஷ் வாங்குபவர் அதைச் சற்றுத் தளர்த்தி வைத்துப் பயிற்சி செய்தால் இந்தக் குறையின் பெரும்பகுதி தீரும்.

ஹை-ஹேட்டில்தான் விலைக்கான காரணம் புரியும். ரோலண்டிலும் யமஹாவிலும் ஹை-ஹேட் பேடை உண்மையான ஹை-ஹேட் ஸ்டாண்டில் பொருத்துகிறோம். காலை அழுத்தினால் தகடு இறங்குகிறது, விட்டால் எழுகிறது. அலெசிஸில் பேட் சட்டத்தில் அசையாமல் நிற்கும். தரையில் இருக்கும் தனிப் பெடல், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை மாட்யூலுக்குச் சொல்லும். ஒலி மாறுகிறது, ஆனால் ஸ்டிக்குக்கு எதிரே எதுவும் மாறுவதில்லை. பாதி திறந்த ஹை-ஹேட்டில் தாளத்தை இழுத்துப் பிடிக்கும் வித்தையைக் கால் அங்கே கற்றுக்கொள்ளவே முடியாது. கடையில் சோதிக்கும்போது எட்டு அடிகள் அடித்துக்கொண்டே காலை மிக மெதுவாகத் தூக்குங்கள். ஒலி படிப்படியாக விரிகிறதா, திடீரென்று தாவுகிறதா என்று கேளுங்கள். என் காதுக்கு இந்தச் சோதனையில் ரோலண்ட் சற்று முன்னே நிற்கிறது. ஸ்டாண்டைக் கழற்றி மறுபடி பொருத்தினால் தகட்டின் உயரத்தையும் மாட்யூலின் அமைப்பையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் ஹை-ஹேட் கெட்டுவிட்டது என்று புலம்புபவர்கள் நிறையப் பேர்.

ஒலியைப் பொறுத்தவரை நான் யமஹாவின் பக்கம். அந்த நிறுவனம் அக்குஸ்டிக் டிரம்களையும் தானே செய்வதன் பலன் கேட்கும்போதே தெரிகிறது. அதன் மாட்யூலில் ஆம்பியன்ஸ் என்றொரு குமிழ் இருக்கிறது. திருகினால் அடியைச் சுற்றி அறையின் காற்று நிறைகிறது. பாடலைப் பதிவு செய்பவருக்கு அந்த ஒரு குமிழே பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். ரோலண்டின் ஒலி துல்லியமானது, ஆனால் சற்றுத் தேய்த்துக் கழுவியது போல் இருக்கும். அதற்குப் பதிலாக ரோலண்டில் புளூடூத் இருக்கிறது: கைபேசியில் ஓடும் பாடலைக் கம்பியில்லாமல் ஹெட்போனுக்குள் கொண்டுவந்து கூடவே வாசிக்கலாம். பயிற்சிக்கு இது பெரிய வசதி. நைட்ரோ மேக்ஸிலும் அது உண்டு.

சொந்தமாகப் பதிவு செய்த ஒலிகளை ரோலண்ட், யமஹா இரண்டிலும் ஏற்றலாம். தவிலின் ஒரு வீச்சையோ பறையின் அடியையோ நன்றாகப் பதிவு செய்து, கிட்டில் உள்ள டாம் என்ற டிரம் பேடில் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இரண்டுமே இடம் கொடுக்கின்றன.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹெட்போன் போட்டுக்கொண்டால் சத்தமே வராது என்று நம்பாதீர்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கான கிக் பெடலின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக் கூரைக்கு நேராக இறங்கும். மூன்று கிட்களிலும் பெடலின் சுத்தி பேடில் மோதத்தான் செய்கிறது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து மேடை செய்து, அதன்மேல் கிட்டை வைப்பது உலகெங்கும் டிரம்மர்கள் செய்யும் வழி; நன்றாகவே வேலை செய்கிறது. அதுவும் போதாது என்றால் யமஹாவின் டிடிஎக்ஸ்402 வரிசையில் சுத்தியே இல்லாத பெடலுடன் வரும் மாடலைப் பாருங்கள். அதன் பேட்கள் ரப்பர்தான், ஆனால் கீழ்வீட்டுக் குழந்தை தூங்கும்.

என் தேர்வு ரோலண்ட். நாளை அக்குஸ்டிக் கிட்டில் உட்கார வேண்டும் என்ற எண்ணத்தோடு கற்பவருக்கு அந்தப் பெரிய ஸ்னேரைவிட முக்கியமானது எதுவும் இல்லை. கை ஏற்கெனவே தேர்ந்து, வீட்டில் பதிவு செய்வதுதான் நோக்கம் என்றால் தயங்காமல் யமஹா. பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாத பெற்றோருக்கு அலெசிஸ் நேர்மையான தேர்வு. 10 அங்குல மெஷ் ஸ்னேர் அந்த விலையில் அரிது.

விலையை ஒப்பிடும்போது பெட்டிக்குள் இல்லாதவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரோலண்டுக்குக் கிக் பெடலும் ஹை-ஹேட் ஸ்டாண்டும் உட்காரும் இருக்கையும் தனியாக வாங்க வேண்டும். யமஹாவில் எவையெல்லாம் சேர்ந்து வருகின்றன என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் 2018இல் வந்த பழைய டிடி-17கேவிஎக்ஸைப் பயன்படுத்திய நிலையில் தேடலாம். அதன் மாட்யூலை இரண்டாம் பதிப்பு மென்பொருளுக்கு இலவசமாக மேம்படுத்திக்கொள்ள முடியும். மெஷ் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, கழற்றி மாற்றிவிடலாம். சிம்பல்கள் எனப்படும் தட்டுகளின் விளிம்பையும் ஹை-ஹேட்டையும் மட்டும் மெதுவான அடிகளில் பொறுமையாகச் சோதித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.