மூன்று முட்டைக்கோஸை எதில் போட்டால் தீரும்?

நாத்தனாரின் சீமந்தம் பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே நடந்தது. சமையல்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலில் முட்டைக்கோஸ் பத்து. பந்தி முடிந்து, வாடகைப் பாத்திரமெல்லாம் வண்டி ஏறிய பிறகு பார்த்தால், மூலையில் சாக்குக்குள் நான்கு கோஸ் அப்படியே கிடந்தது. ஒவ்வொன்றும் ஒன்றேகால் கிலோ இருக்கும். ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி மூன்று. சாப்பிடுவது ஐந்து பேர்.

கோஸில் என்னென்ன செய்யலாம் என்று எல்லோருக்கும் தெரியும். எதில் எவ்வளவு கோஸ் செலவாகும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. அந்தப் பத்து நாளும் நான் மூன்றே விஷயம் பார்த்தேன். ஒரு வேளைக்கு எத்தனை கிராம் உள்ளே போகிறது, மறுநாள் வரை தாங்குகிறதா, வீட்டில் இருப்பவர்கள் இரண்டாம் முறையும் தட்டை நீட்டுகிறார்களா.

சமைப்பதற்கு முன்னால் ஒன்று. கோஸைக் குறுக்கே இரண்டாக வெட்டி, பாதியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெட்டிய முகம் கறுத்து, காய்ந்து, வாடை வர ஆரம்பித்துவிடும். அடித்தண்டில் கத்தியால் லேசாகக் கீறி, மேலிருந்து ஒவ்வொரு இலையாக உரித்துக்கொண்டே வாருங்கள். உள்ளே இருப்பது முழுக் கோஸாகவே இருக்கும். அப்படி வைத்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக நிற்கும். வெளியே வைத்தால் சென்னை வெயிலுக்கு நான்கு நாளில் மேல் இலை மஞ்சளாகித் தொய்ந்துவிடும்.

முதல் நாள் பொரியல். அரை கிலோ, ஐந்து பேருக்குச் சரியாக இருந்தது. பொரியலுக்கு இறுக்கமான, கையில் கனக்கிற கோஸ் வேண்டும். அதை அரிவாள்மணையில் நூல் நூலாக நறுக்க வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கோஸைக் கொட்டி, தீயைக் கூட்டி வைத்து, மூடாமல் எட்டு நிமிடம். தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். கோஸில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அதுவே விட்டுக்கொள்ளும். நிறைய வீடுகளில் கோஸ் என்றாலே மூக்கைப் பிடிப்பதற்குக் காரணம், மூடி போட்டு நெடுநேரம் வேகவிடுவது. அதிலிருக்கும் கந்தகச் சத்து வேக வேகத்தான் அந்த வாடையாக வெளியே வரும். மூடினால் அதற்குப் போக வழியில்லை, காயிலேயே தங்கிவிடும்.

ருசியில் பொரியலுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தேங்காய்ப்பூ தூவி இறக்கிய சூட்டில், ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதற்கு ஈடு இல்லை. ஆனால் மிச்சத்தைத் தீர்க்க அது உதவாது. மத்தியானம் செய்தது ராத்திரிக்குள் நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிறது. தேங்காய் போட்டிருப்பதால் மே மாதம் என்றால் ஊசியே போய்விடும். மறுநாளும் பொரியல் என்றால் வீட்டில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

கூட்டு அதைவிடக் கொஞ்சம் தேவலை. நானூறு கிராம் கோஸ், அரை டம்ளர் பாசிப்பருப்பு, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது. காயின் அளவு பொரியலைவிடக் குறைவுதான். ஆனால் தொய்ந்த இலை, தளர்வான கோஸ் எல்லாவற்றையும் கூட்டு ஏற்றுக்கொள்ளும். சாதத்தில் பிசையலாம், சப்பாத்திக்கும் ஆகும் என்பதால் ஒரே சமையல் இரண்டு வேளைக்கு ஓடுகிறது. பருப்பை மட்டும் குக்கரில் வைத்து, கோஸைத் தனியாக வாணலியில் வதக்கிச் சேருங்கள். இரண்டையும் சேர்த்துக் குக்கரில் வைத்தால் மூன்றாவது விசிலில் அந்த வாடை தெருமுனை வரை போகும்.

சாயங்காலத்துக்கு வடை. கடலைப்பருப்பு ஒரு டம்ளர் ஊறப்போட்டு, சோம்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, பொடிப்பொடியாக நறுக்கிய கோஸைப் போட்டுத் தட்டினேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே தட்டு காலியானது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கோஸ் 150 கிராம்தான். அதற்கு மேல் போட்டால் மாவு தளர்ந்து எண்ணெயில் பிரிந்துபோகும். உப்பைக் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கோஸ் தண்ணீர் விட்டுவிடும். மழை நாளுக்கு வடை செய்யுங்கள், மிச்சம் தீர்க்கச் செய்யாதீர்கள். ஃப்ரைட் ரைஸும் அப்படித்தான். இருநூறு கிராமுக்கு மேல் போட்டால் சாதம் ஈரமாகிவிடுகிறது.

இந்த வரிசையில் எனக்கே எதிர்பாராத மகிழ்ச்சி அத்தோ. பாரிமுனைக்கு அப்பால், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் தள்ளுவண்டியில் கிடைப்பது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பக்கம் வேலைக்குப் போனபோது வாரம் ஒரு தட்டாவது சாப்பிடுவேன். வண்டிக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் பச்சைக் கோஸ் ஒரு பிடி, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை விட்டு, பேஜோ என்கிற மொறுமொறு பலகாரத்தை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார். பார்த்துக்கொண்டே நின்றால் தெரியும், கோஸும் நூடுல்ஸும் பாதிக்குப் பாதி.

வீட்டில் அதே மாதிரி செய்தேன். பேஜோவுக்குப் பதில் தட்டையை நொறுக்கினேன். கோஸ் 250 கிராம் அடுப்பைப் பார்க்காமலே செலவானது. அதிலிருக்கும் வைட்டமின் சி-யும் (100 கிராமில் ஏறக்குறைய 36 மில்லிகிராம்) வேகவைத்து வீணாகவில்லை. பச்சையாகச் சாப்பிடுவதால் மட்டும் ஒரு கவனம். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிள்ளைகள் மறுநாளும் கேட்டார்கள். மாமியார் தொடவில்லை. அவருக்குக் கோஸ் என்றாலே இங்கிலீஷ் காய், திவசத்துக்கு ஆகாத காய். அதையும் பச்சையாகவா என்று கேட்டார்.

வற்றல் போடலாமே என்று சொன்னவரும் அவர்தான். யோசித்தோம். ஒரு கிலோவில் தண்ணீர் போக நிற்பது எண்பது கிராம். கடல் காற்றில் ஈரம் வாங்கி அதுவும் பூசணம் பிடித்தால் பாடு வீண். விட்டுவிட்டோம்.

வைத்துச் சாப்பிடத்தான் வேண்டும் என்றால் உப்பில் புளிக்க வைப்பதே வழி. ஜெர்மனிக்காரர்கள் சவர்க்ராட் என்று சொல்வது. 1768-இல் கப்பலேறிய கேப்டன் குக், மாலுமிகளுக்குப் பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க இதைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு போனார். செய்முறையில் எதுவும் இல்லை: ஒரு கிலோ கோஸ், இருபது கிராம் கல்லுப்பு. மெல்லிசாக நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிசையுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் விரலிடுக்கில் ஈரம், அப்புறம் பாத்திரத்தின் அடியில் தண்ணீர். கைநிறைய எடுத்துப் பிழிந்தால் ஒழுக வேண்டும், அதுதான் பதம். கண்ணாடி பாட்டிலில் அழுத்தி அடைத்து, அந்தத் தண்ணீருக்குள் கோஸ் முழுகும்படி மேலே ஒரு இலையும் சின்னக் கிண்ணமும் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூசணம் வரும். தினம் ஒரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும்.

குளிர் தேசத்தில் இதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். நம் ஊர்ச் சூட்டில் நான்காம் நாளே புளித்துவிட்டது. உடனே ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் குழைந்துபோகும். ஒரேயடியாக ஒரு கிலோ காலி, பாட்டில் இரண்டு மாதம் நிற்கும், கெட்டுப்போகுமே என்ற பதைப்பு இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்பவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். இடம் மாறிவிட்டது, இன்னும் தீரவில்லை.

கடைசியில் துவையல். ஐந்து பேருக்கு ஒரு தடவை செய்வதில் அறுநூறு கிராம் செலவாகிற வேறு சமையல் எனக்குத் தெரியாது. பொரியலில் நாம் ஒதுக்கும் நடுத்தண்டு, கரும்பச்சை மேல் இலை எல்லாமே இதற்குள் போகும். தண்டை மட்டும் மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டு, உளுத்தம்பருப்பு மூன்று ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஆறு, பெருங்காயம் ஒரு துண்டு, எல்லாம் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கோஸ்.

இந்த வதக்கலில்தான் துவையலே இருக்கிறது. வாணலி வழிய நிற்கும் கோஸ் முதலில் பளபளக்கும், பிறகு தண்ணீர் விட்டுச் சரசரவென்று கீழே இறங்கும். அப்போது அரைத்தால் பச்சை வாடை அடிக்கும், சட்னி மாதிரி ஓடும். பொறுத்திருங்கள். தண்ணீர் வற்றி, ஓசை மாறி, இலை ஓரங்களில் பழுப்பு ஏறி, வறுத்த வெங்காயத்தை நினைவூட்டும் ஒரு இனிப்பு மணம் வரும். எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. வாணலி நிறைய இருந்தது ஒன்றரைக் கிண்ணமாகச் சுண்டியிருக்கும். ஆறவிட்டு, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து, முதலில் பருப்பையும் மிளகாயையும் பொடித்து, பிறகு கோஸைப் போட்டுத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்க வேண்டும்.

தேங்காய் இல்லை, தண்ணீர் இல்லை, அதனால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் நன்றாகவே இருந்தது. முதல் நாள் சுடுசாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தோம், அடுத்த நாள் தோசைக்கு, அதற்கடுத்த நாள் வீட்டுக்காரரின் டிபன் பாக்ஸில் தயிர் சாதத்துக்கு. பச்சைக் கோஸை முறைத்த மாமியார், இரண்டாம் முறை வதக்கும்போது தானே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்மா" என்றார். மூன்றாவது கோஸ் நடுத்தண்டோடு அன்றைக்கு முடிந்தது.