சத்துவாச்சாரியில் இழப்பீட்டு மனு: மனுவுக்கு முன்னால் பாஸ்புக்கைப் பாருங்கள்

பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018-ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் பணம் கேட்க வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வேலூரில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம். கட்டணம் இல்லை, வக்கீலும் இலவசம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு போடலாம். பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம். இடைக்கால நிவாரணம் வேண்டுமென்றால் மனுவிலேயே தெளிவாக எழுதிக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல்துறை இணையதளத்தில் தேடி அலுக்க வேண்டாம். பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். அங்கே ஏறாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-இன்படி ஸ்டேஷனிலேயே இலவசமாகத் தர வேண்டும். சிகிச்சையும் அப்படித்தான்: அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும், இந்தக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரிடம் காசு வாங்கக் கூடாது (அதே சட்டம், பிரிவு 397).

இடிக்கிற இடம் பணம் வந்து சேரும்போதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்மீதுதான்: உறவினர், பக்கத்து வீட்டார், கல்யாணம் செய்கிறேன் என்றவர். திட்டமோ, தொகையைத் தனிப் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ வங்கியில் போடலாம் என்கிறது. எழுதியவர்கள் குற்றவாளியை வழிப்போக்கனாகவே நினைத்திருப்பார்கள் போல! மாமனார்மீது வழக்கு, கணவரோடு கூட்டுக் கணக்கு என்றால் உடனே எடுக்கக் கிடைக்கும் 25 சதவீதப் பணம் யார் கைக்குப் போகும்? மீதி 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டு டெபாசிட்டில் கிடக்கும். அதுவரை ‘ராசியாகப் போ, பிறழ்சாட்சி சொல்’ என்ற நெருக்கடி வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

அதனால் மனு போடும் முன்பே தனிப் பெயரில், வேறு கிளையில் கணக்கு திறந்துவிடுங்கள். எஸ்.எம்.எஸ். உங்கள் சொந்த எண்ணுக்கே வரட்டும். பழைய கணக்கின் நாமினியை அப்படியே இங்கே எழுதிவிடாதீர்கள். குற்றம்சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால் அதை மனுவில் ஒரு வரி சேருங்கள். விசாரணைக் கடிதம் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு தர வேண்டும்.

இழப்பீட்டு மனுமீதான விசாரணைக்குக் கெடு இரண்டு மாதம். உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சம்பவம் நடந்தோ வழக்கு முடிந்தோ மூன்று ஆண்டு தாண்டினால் பொதுவாக மனுவை எடுக்க மாட்டார்கள்.