520 யூரோ கொடுத்து ஸ்டிக்கர் வாங்கிய கதை

இப்போதுதான் தபால் அலுவலகத்திலிருந்து வந்தேன். ஒரு கடைக்காரருக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். கோபம் ஆறினால் எழுத மாட்டேன் என்று தெரியும். 520 யூரோ. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். ஜெர்மனியில் மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக அக்டோபர் செமஸ்டருக்குப் புதிதாக வருகிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். கடைசியில் டிப்ஸ் தருகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் நம் பக்கம்தான் வரும் என்று சீனியர் அண்ணா பயமுறுத்தி வைத்திருக்கிறார். பழைய மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் கடை, ஆஹன் நகரத்தில் இருக்கிறது. அவ்வளவு போதும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த என் மடிக்கணினி போன மாதம் மதர்போர்டு போய்ப் படுத்துவிட்டது. ஆய்வறிக்கை கொடுக்க எட்டு வாரம்தான் பாக்கி. மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் முடக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே புதிது வாங்கும் யோசனையே இல்லை. பழையதுதான். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: விசைப்பலகை நம் ஊரில் இருப்பதுபோல் அமெரிக்க ஆங்கில வகையாக இருக்க வேண்டும்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் ஜெர்மன் விசைப்பலகையில் ஒரு மணி நேரம் வேலை செய்து பார்க்க வேண்டும். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட், இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய். மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த 'அட்' குறிக்கு ஆல்ட்ஜிஆர் பட்டனோடு க்யூவை அழுத்த வேண்டும். புரோகிராம் எழுதுகிறவனுக்கு மூச்சுக்கு மூச்சு தேவைப்படும் நெளிவு அடைப்புக்குறிகள் ஆல்ட்ஜிஆரோடு 7, ஆல்ட்ஜிஆரோடு 0. நான் ஆய்வறிக்கை எழுதுவது லேட்டெக்கில், அதாவது கட்டளைகளாக அடித்து ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில். வரிக்கு வரி பின்சாய்வுக்கோடு வரும். அது ஆல்ட்ஜிஆரோடு அந்த ஜெர்மன் இரட்டை எஸ் எழுத்து. இரண்டு பக்கம் அடிப்பதற்குள் விரல் பரதநாட்டியம் ஆடிவிடும்.

தமிழ் அடிப்பதோ இன்னும் வேடிக்கை. நான் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறவன், இசட் அழுத்தினால் ழ வரும். பல்கலைக்கழக லேபில் உட்கார்ந்து அம்மாவுக்கு 'கோழிக் குழம்பு வச்சேன்' என்று வேகமாக அடித்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது 'கோயிக் குயம்பு வச்சேன்'. "ஏலே, மெட்ராஸ் பாஷை எங்கலே படிச்ச?" என்று தென்காசியிலிருந்து போன் வந்தது.

திரையைப் பார்த்தே அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை, செட்டிங்கில் மாற்றிவிட்டால் போதும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பட்டனைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற ஆள். இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியாது.

சரி, கடைக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். உள்ளே போனதும், "இந்தியாவா? வா வா, என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் பையன்கள்தான்" என்றார் கடைக்காரர். நல்ல ஆங்கிலம். ஜெர்மனியில் வந்து இறங்கியதிலிருந்து வங்கி, நகராட்சி, வீட்டுக்காரர் என்று எல்லாரிடமும் ஜெர்மனில் திக்கித் திணறிக்கொண்டிருந்தவனுக்கு, எதிரே ஒருவர் சரளமாக ஆங்கிலம் பேசினாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். மீதி பாதி, அவர் கொடுத்த டீயில் வந்தது. சின்னக் கண்ணாடி டம்ளர், சர்க்கரை இரண்டு கட்டி. பரீட்சை எப்போது, என்ன படிக்கிறாய், அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் மாமா கடையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அவர் காட்டியது 14 அங்குல, ஆபீஸ்களில் கொடுக்கும் கனமான ரகம். 16 ஜிபி நினைவகம், பேட்டரி பரவாயில்லை, விலை 460. விசைப்பலகை ஜெர்மன். நான் எழுந்துவிட்டேன். "உட்கார் உட்கார். இந்த மாடலில் விசைப்பலகையைத் தனியாகக் கழற்றலாம். அசல் அமெரிக்க விசைப்பலகை வரவழைத்து மாற்றித் தருகிறேன். 60 யூரோ. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்" என்றார். அந்த ரகத்தில் கழற்றலாம் என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், திருகைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் வீடியோகூட இருக்கிறது. அதனால்தான் நம்பினேன். பாதி உண்மை சொல்கிறவன்தான் ஆபத்தானவன், முழுப் பொய் சொல்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

கார்டு மெஷின் வேலை செய்யவில்லையாம். பக்கத்து ஏடிஎம்மில் போய் எடுத்து வந்து 520 யூரோவை நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். ஐம்பது ஐம்பதாகப் பத்து, ஒரு இருபது. இன்னும் அந்த நோட்டுகள் கண்ணில் நிற்கின்றன.

வியாழக்கிழமை "ரெடி, வா" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஓடினேன். கடை மூடும் நேரம், பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். திறந்து காட்டினார். ஒய் ஒய் இடத்தில், இசட் இசட் இடத்தில். என் பெயரை அடித்துப் பார்த்தேன், வந்தது. கன்ட்ரோல் பட்டனில் மட்டும் ஜெர்மன் சுருக்கம் அப்படியே இருந்ததைக் கவனித்துக் கேட்டேன். "ஐரோப்பாவில் விற்கும் அமெரிக்க மாடல் அப்படித்தான் வரும்" என்றார். நானும் தலையாட்டினேன்! அப்படி ஒரு மாடல் உலகத்திலேயே கிடையாது. என்டர் பட்டன் இரண்டு வரிசைக்கு நீண்டு, எல் எழுத்தைக் கவிழ்த்துப் போட்டதுபோல் இருந்தது. அமெரிக்க விசைப்பலகையில் அது ஒரே வரிசையில் படுத்த வாக்கில் இருக்கும். இடது ஷிப்ட் பட்டன் குட்டையாக, பக்கத்தில் ஒரு உபரிப் பட்டன். இத்தனையும் கண்முன்னால் இருந்தன. நான் பார்த்தது இலவசமாகக் கொடுத்த பையை.

ஒரு பில் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். படித்தேனா? இல்லை.

ஞாயிறு ராத்திரி. ரூம்மேட் தூங்குகிறான் என்று அறை விளக்கை அணைத்துவிட்டு, விசைப்பலகையின் பின்விளக்கைப் போட்டேன். ஸ்பேஸ் பாருக்கு இரண்டு பக்கமும், மேல் வரிசையிலும் குறிகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. நடுவில் இருந்த எழுத்துகள் ஒன்றுகூட ஒளிரவில்லை. கறுப்பாக இருந்தன, ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஒய் பட்டனின் மூலையில் நகத்தை வைத்து நெம்பினேன். உரிந்து வந்தது. கீழே இசட்.

ஸ்டிக்கர்! நாற்பத்துச் சொச்சம் ஸ்டிக்கர். ஒவ்வொன்றாக அழகாக ஒட்டி, செட்டிங்கில் அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றி, 60 யூரோ வாங்கியிருக்கிறார். அந்த ஸ்டிக்கர் தாள் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

திங்கள் காலை போன் செய்தேன். "ஆமாம் ஆமாம், தற்காலிகமாக ஒட்டினேன், அசல் விசைப்பலகை போலந்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது, புதன்கிழமை பேசு." புதன்கிழமை: "வெள்ளிக்கிழமை." வெள்ளிக்கிழமை போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை நேரில் போனேன், வேறொரு பையன் இருந்தான், "பாஸ் இல்லை." எப்போது வருவார்? தோளைக் குலுக்கினான். உள்அறையில் பாஸின் இருமல் சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய் பிடித்துவிட்டேன். ஸ்டிக்கரை உரித்துக் காட்டினேன். "நண்பா, விசைப்பலகை என்பது மென்பொருள். நீ ஒய் அழுத்தினால் ஒய் வருகிறதா இல்லையா? பிறகென்ன?" அசல் விசைப்பலகை என்று சொன்னீர்களே என்றேன். பில்லை எடுக்கச் சொன்னார். அதில் ஜெர்மனில் மூன்று வரி. விசைப்பலகை: ஜெர்மன். சேவைக் கட்டணம்: 60. பார்த்தபடி வாங்கியது. கீழே என் கையெழுத்து, கோணல் மாணலாக.

நான் குரலை உயர்த்தியதும் ஒரு அதிசயம் நடந்தது. அதுவரை ஆங்கிலத்தில் பேசியவருக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. நான் எதைக் கேட்டாலும் ஜெர்மனில்தான் பதில், அதுவும் வேகமாக. டீ கொடுத்தபோது தெரிந்த மொழி, பணத்தைத் திருப்பிக் கேட்டால் தெரியாதா? கடைசியில் கால்குலேட்டரை எடுத்து 300 என்று அடித்துக் காட்டினார். 520 கொடுத்து வாங்கியதை இரண்டு வாரம் கழித்து 300-க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம், உபகாரம்! மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனைக்குப் போனேன். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்னதில் பாதி ஆறுதல், பாதி அடி. இணையத்தில் ஒரு கடையிடம் வாங்கியிருந்தால் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்; கடைக்கு நேரில் போய் வாங்கினால் அந்த உரிமை சட்டத்தில் இல்லை. நான் ஏதோ நேரில் போனால் பாதுகாப்பு என்று நினைத்துப் போனவன். 'பார்த்தபடி வாங்கியது' என்று எழுதிவிட்டால் வியாபாரி கைகழுவிவிட முடியாது. பழைய பொருளாக இருந்தாலும் அவருடைய சட்டப் பொறுப்பை ஒரு வருடமாகக் குறைக்கலாமே தவிர, அடியோடு நீக்க முடியாது. ஆனால், அமெரிக்க விசைப்பலகை தருவதாகச் சொன்னதற்கு உன்னிடம் என்ன சான்று என்று கேட்டார். என்னிடம் இருப்பது "ரெடி, வா" என்ற வாட்ஸ்அப் செய்தி. எதற்கு ரெடி என்று அதில் இல்லை.

இருந்தாலும், கெடு வைத்து எழுத்தில் கேள், பதிவுத் தபாலில் அனுப்பு என்றார். அதைத்தான் இன்று செய்தேன். 14 நாள் கெடு. தபால் செலவும் என் தலையில்.

இதில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆஹனிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நெதர்லாந்தின் வால்ஸ் ஊர் வந்துவிடும். நெதர்லாந்தில் சாதாரணமாகக் கடையில் விற்கும் மடிக்கணினியிலேயே அமெரிக்க விசைப்பலகைதான் இருக்கும்! டச்சுக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் வால்ஸ் குன்றின் மேல், 322 மீட்டர் உயரத்தில், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் கல்லைச் சுற்றி நின்று பையன்களோடு போட்டோ எடுத்தேன். விசைப்பலகையின் முதல் எழுத்து வரிசையை வைத்துச் சொல்லும் பெயர்களில் சொன்னால், ஒரு பக்கம் ஜெர்மன் குவெர்ட்ஸ், ஒரு பக்கம் நெதர்லாந்தில் விற்கும் அமெரிக்கக் குவெர்ட்டி, ஒரு பக்கம் எண் அடிக்கவே ஷிப்ட் அழுத்த வேண்டிய பெல்ஜியத்தின் அசெர்ட்டி. மூன்றில் எனக்கு வேண்டியது நாலு எட்டில் இருந்தது. நான் 520 யூரோவைக் கொண்டுபோய் இங்கே கொட்டினேன்.

டிப்ஸ் என்று சொன்னேன் அல்லவா. கொஞ்சம்தான், கிளாஸுக்கு நேரமாகிறது. விசைப்பலகை என்ன வகை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் கிளம்புங்கள். என்டர் பட்டன் ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று பாருங்கள். பின்விளக்கைப் போட்டுப் பாருங்கள். நகத்தால் சுரண்டுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நோட்டாகக் கொடுக்காதீர்கள். ஜெர்மனில் இருக்கும் எதிலும் போனில் மொழிபெயர்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள், அதைவிட நிம்மதி இல்லை. டீ குடிக்காதீர்கள்.

இதை அந்த மடிக்கணினியில்தான் அடிக்கிறேன், வேறு வழி இல்லை. விரல் சூட்டில் ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்துவிட்டன. ஏ பாதி உரிந்து தொங்குகிறது. இசட் ஸ்டிக்கர் என் ஸ்வெட்டர் கையில் ஒட்டிக்கொண்டு நேற்று லேப் வரைக்கும் வந்துவிட்டது.